டனல் கிரீக், 2012: பதினாறு பேர், ஒரு சாய்வு, மூன்று மரணங்கள்

2012 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், காஸ்கேட் மலைத்தொடர். ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையத்திலிருந்து பதினாறு பேர் எல்லைக் கயிற்றைத் தாண்டி, கௌபாய் மலையின் மறுபுறம் உள்ள டனல் கிரீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கப் போனார்கள். நண்பகலை ஒட்டி, சாய்வின் மேற்பகுதியில் சுமார் 200 அடி அகலத்துக்கும் 3 அடி ஆழத்துக்கும் பனி உடைந்து பெயர்ந்தது. ஏறக்குறைய 3,000 அடி கீழே இறங்கி, ஓடைப்பள்ளத்தின் அடியில் போய் நின்றது. அடிவரை இழுத்துச் செல்லப்பட்ட நால்வரில் மூவர் இறந்தனர்.

இறந்தவர்களில் ஒருவர் அந்த மையத்திலேயே விளம்பரப் பொறுப்பில் இருந்தவர். இன்னொருவர் ஃப்ரீஸ்கீ எனப்படும் சாகசப் பனிச்சறுக்குப் போட்டிகளின் தலைமை நடுவர். மூன்றாமவர் அந்த மலையை வருடக்கணக்காக அறிந்தவர். உயிர் பிழைத்த எலிஸ் சாக்ஸ்டாட் தொழில்முறைச் சறுக்கு வீராங்கனை. குழுவினர் பீக்கன் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), மண்வெட்டி, புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி) மூன்றும் கொண்டுபோகும் பழக்கமுள்ளவர்கள். பனிச்சரிவு அபாய முன்னறிவிப்பு வெளியாகியிருந்தது, பலர் அதைப் படித்தும் இருந்தார்கள். ஆகவே இதை அறியாமையால் வந்த விபத்து என்று எழுதி முடிக்க வழியில்லை. அதனால்தான் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புகளில் இந்த நாள் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய இரவுகள்

விபத்தின் விதை பிப்ரவரி முற்பகுதியில், மேகமில்லாத சில இரவுகளில் விழுந்தது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்வெளி வெள்ளையாக உறைந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காற்று அசையாத, வானம் தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, தன்னைத் தொட்டிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் ஈரம் நீராகாமல் நேரடியாகப் படிகமாக அதன்மேல் ஒட்டுகிறது. புல்லுக்குப் பதில் பனிப்பரப்பு இருந்தால், அதன்மேல் இறகு போன்ற மெல்லிய தகடுகள் நின்றவாக்கில் முளைக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். சர்ஃபேஸ் ஹோர் என்பது அதன் பெயர். வெயிலில் மின்னும், சறுக்கும்போது சலசலவென்று ஒலி எழும். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த புயல் அதை அப்படியே மூடும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

மூடிய பிறகு கதை வேறு. சீட்டுக்கட்டைப் பிரித்து, சீட்டுகளை வரிசையாக நிற்கவைத்து, அதன்மேல் ஒரு பலகையைக் கிடத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேர்மேலிருந்து வரும் எடையை ஓரளவு தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் ஒன்று சாய்ந்து அடுத்ததைச் சாய்க்கும். மொத்தப் பலகையும் வழுக்கிக்கொண்டு போகும். விபத்துக்கு முந்தைய இரண்டு நாளில் ஸ்டீவன்ஸ் பாஸில் 32 அங்குலம் புதுப்பனி கொட்டியது. அதுதான் பலகை. அடியில் நின்ற இறகுகள்தான் சீட்டுகள்.

நம் ஊரில் பனிச்சரிவு என்றதும் பலருக்கு 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் புதையுண்டது நினைவுக்கு வரும். அங்கே முகாமின்மேல் இடிந்து விழுந்தது பனிப்பாறைச் சுவர். டனல் கிரீக்கில் நடந்தது வேறு வகை: பலகைச் சரிவு. சறுக்குவோரையும் மலையேறுவோரையும் கொல்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். மாட்டுகிறவரோ அவரோடு வந்தவரோதான் பெரும்பாலும் அதை உடைத்தும் விடுகிறார்.

இதில் உள்ளூர் அனுபவம் ஏமாற்றும் ஒரு கோணம் உண்டு. காஸ்கேட் கடலோர மலை. அங்கே பனி கனமாக, ஈரமாக, பெருமளவில் விழும், சீக்கிரம் இறுகும். புயல் ஓய்ந்து ஒன்றிரண்டு நாளில் சாய்வுகள் நிலைபெறுவது வழக்கம். இருபது குளிர்காலம் அங்கே சறுக்கியவரின் உள்ளுணர்வு இந்த வழக்கத்தில் பழகியது. புதைந்த சர்ஃபேஸ் ஹோர் அந்தக் கணக்குக்குள் வராது. வாரக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். மரங்களுக்கிடையே காற்று படாத இடங்களில் அது முழுதாகத் தப்பியிருக்கும். முகட்டில் காற்று அதை உதிர்த்திருக்கும். முகட்டில் நின்று காலால் உதைத்துப் பார்த்தால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்றே தோன்றும்.

சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இத்தகைய அடுக்கைத் தேட நீட்டித் தூண் சோதனை பொருத்தமானது. பாதுகாப்பான, ஆனால் இறங்கப்போகும் சாய்வின் திசையும் உயரமும் கொண்ட சிறு இடத்தில் குழி தோண்ட வேண்டும். சாய்வுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு தூணை நாலாபுறமும் அறுத்துத் தனியாக்க வேண்டும். தூணின் ஒரு முனையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது 90 சென்டிமீட்டரையும் கடந்து மறுமுனை வரை ஓடினால், அந்தச் சாய்வு விரிசலைப் பரப்பக்கூடியது. அன்று அதில் இறங்கக் கூடாது.

எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதைவிட, விரிசல் ஓடியதா நின்றதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பலகை ஒரு மீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் தட்டின் விசை அடிவரை எட்டாமல் போகலாம். தூண் உடையாமல் நின்றதற்காகச் சாய்வு முழுவதும் உறுதி என்று சொல்லவும் முடியாது. ஐம்பது அடி தள்ளி நிலைமை வேறாக இருக்கும். "வேண்டாம்" என்று சொல்ல இந்தச் சோதனை உதவும். "போகலாம்" என்பதற்கு இதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

குழி தோண்டாமலே பனி தானாகச் சொல்லும் செய்திகள் இதைவிட நம்பகமானவை: அன்றோ முந்தைய நாளோ பக்கத்துச் சாய்வுகளில் விழுந்த பனிச்சரிவுகள், காலடியில் 'வும்ப்' என்று தரை அமுங்கும் ஓசை, சறுக்குப்பலகையின் முனையிலிருந்து பாய்ந்தோடும் விரிசல், இரண்டு நாளுக்குள் ஓர் அடிக்கு மேல் புதுப்பனி, காற்று அள்ளிக் குவித்த மேடுகள், சட்டென்று ஏறும் வெப்பநிலை. ஒன்று தென்பட்டாலே திட்டத்தை மாற்றலாம்.

எண் சொன்னது

வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் அன்றைய முன்னறிவிப்பு, 5,000 அடிக்கு மேல் 'அதிகம்', அதற்குக் கீழே 'கணிசம்' என்றது. ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் இவை நான்காவதும் மூன்றாவதும். மூன்று என்றதும் "பாதிக்குப் பாதி" என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. அது தவறு. படிகள் சம இடைவெளியில் ஏறுவதில்லை; ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பலமடங்கு. ஐந்தாம் படியன்று யாரும் வெளியே போவதில்லை. மூன்றாம் படியன்று எல்லோரும் போகிறார்கள். சாவுகளும் அந்தப் படியில்தான் அதிகம் குவிகின்றன.

அதே ஞாயிறன்று அதே மாநிலத்தில் வேறொரு மலையில், வேறொரு பனிச்சரிவில் ஸ்னோபோர்டர் ஒருவரும் இறந்தார்.

புனலின் வாய்

முன்னறிவிப்பு உடையுமா என்பதைப் பற்றிப் பேசுகிறது. உடைந்தால் எங்கே கொண்டுபோகும் என்பதை நிலம்தான் சொல்லும். டனல் கிரீக்கில் இந்த இரண்டாவது கேள்விக்கான விடை அன்றைய வானிலையைப் பொறுத்ததே அல்ல. என்றைக்கும் ஒரே விடை.

மேலே அகன்ற, திறந்த பனிவெளி. பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் உடைகின்றன. 38-ஐ ஒட்டி மிக அதிகம். கீழே இறங்க இறங்க இருபுறமும் சுவர் எழும்பி, வெளி ஓர் ஓடைப்பள்ளமாகக் குறுகுகிறது. அகலமாக விழுந்த பனி குறுகலாக வழிந்தாக வேண்டும். ஆகவே ஆழம் கூடுகிறது. மேலே 3 அடித் தடிமனில் உடைந்த பலகை, கீழே வீட்டுக்கூரை உயரத்துக்குக் குவிந்தது. வழியில் மரங்களும் பாறைகளும். பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் மூச்சுத்திணறலால் அல்ல, மோதலால்தான் இறக்கிறார்கள். அவர்களைப் பீக்கனும் மண்வெட்டியும் காப்பாற்றாது.

இடத்தைப் படிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 40 மீட்டர் இடைவெளிச் சமவுயரக் கோடுகள் கொண்ட 1:50,000 வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சாய்வு 30 டிகிரியைத் தாண்டிவிட்டது. களத்தில், சறுக்குக் கம்பை சாய்வின்மேல் கிடத்தி, அதன்மேல் போனின் கோண அளவியை வைத்தால் போதும். ஆனால் நிற்கும் இடத்தை மட்டும் அளந்து திருப்திப்படக் கூடாது. தலைக்குமேல் 35 டிகிரிச் சாய்வு தொங்கினால், காலடியில் 15 டிகிரி இருந்தும் பயனில்லை.

இந்த மலைக்கு இது புதிதும் அல்ல. சில மைல் தள்ளி, வெலிங்டன் ரயில் நிலையத்தில் பனியில் சிக்கி நின்றிருந்த இரண்டு ரயில்களை 1910 மார்ச் 1 அதிகாலையில் ஒரு பனிச்சரிவு பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தனர். அமெரிக்காவில் இன்றுவரை அதைவிட அதிகம் பேரைப் பலிகொண்ட பனிச்சரிவு இல்லை.

முடிவெடுக்காத முடிவு

டனல் கிரீக்குக்கு வியர்வை சிந்தி ஏற வேண்டியதில்லை. செவன்த் ஹெவன் லிஃப்டில் உட்கார்ந்து போய், சில நிமிடம் நடந்தால் சாய்வின் தலை வந்துவிடும். மணிக்கணக்கில் ஏறுகிறவர், ஏறும் வழியிலேயே பனியை மிதித்து, கேட்டு, பேசிக்கொண்டு போவார். லிஃப்ட் அந்த நேரத்தைச் சுருட்டி எடுத்துவிடுகிறது.

முதலில் நாலைந்து பேர் போவதாகப் பேச்சு. காதோடு காதாகப் பரவி, மேலே சேர்ந்தபோது பதினாறு. பிற்பாடு அவர்களில் சிலர், கூட்டம் பெரிதாக இருந்தது மனசை உறுத்தியது என்றார்கள். உறுத்தலை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்தவர்கள் நடுவே "வேண்டாமே" என்று சொல்லத் தனக்கு என்ன தகுதி என்று ஒவ்வொருவரும் நினைத்தால், பதினாறு பேரின் அறிவும் கூடிப் பூஜ்யமாகிவிடுகிறது. ஒருவர் தெரிந்த இடம் என்றும், இன்னொருவர் இவர் இருக்கிறாரே என்றும், மற்றவர் இத்தனை பேர் போகிறார்களே என்றும் தைரியம் கொள்கிறார்கள். பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கமன் இந்தப் பழக்கங்களை 2002-லேயே வகைப்படுத்திக் காட்டியிருந்தார். டனல் கிரீக் அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே முற்பகலில் நிரப்பிவிட்டது.

பெரிய குழுவுக்கு மருந்து எளிது, சங்கடமானதும்கூட. மூன்று அல்லது நான்கு பேராகப் பிரிய வேண்டும். இறங்கும் முன் வட்டமாக நின்று, அனுபவம் குறைந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: இன்று எது நம்மைக் கொல்லும்? யாராவது ஒருவர் மறுத்தாலும் வழியை மாற்ற வேண்டும். காரணம் கேட்டு வாதாடக் கூடாது.

ஒவ்வொருவராக

அன்றும் ஒவ்வொருவராக இறங்கும் வழக்கத்தை ஓரளவு கடைப்பிடித்தார்கள். ஆனால் முன்னால் போனவர்கள் பாதிவழியில் பெரிய மரங்கள் நின்ற ஒரு திட்டில் ஒதுங்கிக் காத்தார்கள். அடர்ந்த மரம் என்றால் பாதுகாப்பு என்பது பரவலான நம்பிக்கை. அந்தத் திட்டு பனிச்சரிவின் தடத்துக்குள்ளேயே இருந்தது. மேலே இருந்து வந்த பனி மரங்களுக்கிடையே புகுந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்தவர் தப்பினார். ஓரிரு அடி தள்ளி நின்றவர்கள் போய்விட்டார்கள்.

காத்திருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு தகுதிதான் தேவை: மேலே உள்ள எந்தப் பனி உடைந்தாலும் அது இங்கே வரக் கூடாது. முதுகெலும்பு போல் எழும்பிய மேடு, தடத்துக்கு முற்றிலும் வெளியே உள்ள பக்கம், இவைதான் அப்படிப்பட்ட இடங்கள். சாய்வின் மேற்பக்கம் பார்த்த கிளைகள் ஒடிந்த மரங்கள், ஒரே பக்கம் மட்டும் கிளையுள்ள மரங்கள் எல்லாம் முன்பு பனி அடித்துச் சென்றதற்கான அடையாளம். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் நிற்காமல் அடிவரை போய், தடத்தைவிட்டு விலகி நிற்க வேண்டும்.

இடதுபுறமாக வேறு வழியில் இறங்கிய சிலருக்குப் பனிச்சரிவு விழுந்ததே தெரியாது. கீழே போய் மற்றவர்களுக்காகக் காத்திருந்தார்கள். மேலே நின்றவர்களுக்கும் முழுக்காட்சி கிடைக்கவில்லை. குழுவுக்கு இரண்டு வாக்கிடாக்கி இருந்து, இறங்கியவர் "வெளியே வந்துவிட்டேன்" என்று சொன்ன பிறகே அடுத்தவர் கிளம்புவது என்றிருந்தால், குறைந்தபட்சம் யார் எங்கே என்ற கணக்காவது கையில் இருந்திருக்கும்.

சிவப்புக் கைப்பிடி

சாக்ஸ்டாட்டின் முதுகுப்பையில் ஏர்பேக் இருந்தது: கைப்பிடியை இழுத்தால் காற்று நிரம்பி விரியும் பை. இழுத்தார். பனி நின்றபோது முகமும் கைகளும் மட்டும் வெளியே இருந்தன. மற்ற உடல் சிமென்ட்டில் வார்த்ததுபோல் இறுகிப்போயிருந்தது. அவரோடு இழுத்துவரப்பட்டவர்கள் அருகிலேயே, பனிக்கு அடியில்.

ஏர்பேக் மிதக்கவைக்கிறது என்பார்கள். அது முழுச் சரியல்ல. மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் பெரிய கடலை மேலே வரும், தூள் அடியில் தங்கும். ஓடும் பனியும் அப்படித்தான் பிரிகிறது. 150 லிட்டர் அளவுள்ள பை மனிதரைப் 'பெரிய கடலை' ஆக்குகிறது. மோசமாக மாட்டியவர்களில் சாவு விகிதம், பை விரிந்தால் 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைகிறது என்று 2014-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பாதியாகக் குறைகிறது, மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை. பெரும்பாலும் பழுதல்ல, இழுக்கவில்லை என்பதே காரணம். லிஃப்டில் ஏறும்போது கைப்பிடியை ஜிப்புக்குள் மூடிவைப்பார்கள். இறங்கும்போது எடுத்துவிட மறந்துவிடும். கைப்பிடியை வெளியே எடுத்தோமா, கால்பட்டை மாட்டினோமா என்று பார்ப்பது இறங்கும் முன் கடைசி வேலையாக இருக்கட்டும். கால்பட்டை இல்லாவிட்டால் பை மேலே போகும், ஆள் நழுவிக் கீழே போவார்.

தேடிய நிமிடங்கள்

பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன்பின் வரைபடக் கோடு செங்குத்தாக விழுகிறது. அரைமணியில் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. பக்கத்தில் நிற்பவர்தான் மீட்புக்குழு. டனல் கிரீக்கில் பக்கத்தில் நின்றவர்களுக்கும் புதையுண்டவர்களுக்கும் நடுவே இருந்தது உடைந்த பனிக்கட்டிகளும் முறிந்த மரங்களும் நிறைந்த நெடுந்தடம். அதில் இறங்குவதிலேயே நிமிடங்கள் கரைந்தன.

எல்லாப் பீக்கனும் 457 கிலோஹெர்ட்ஸில் பேசுவதால் நிறுவனம் வேறானாலும் ஒன்றையொன்று கேட்கும். விபத்து நடந்ததும் ஒருவர் தலைமையேற்று, எஞ்சியவர்கள் அனைவரும் தேடல் நிலைக்கு மாற்றியதை உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் மறந்தாலும் எல்லோரும் அவரையே தேடி ஓடுவார்கள். போனை அணைக்க வேண்டும், அல்லது தேடும் பீக்கனிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, 40 முதல் 50 மீட்டர் அகலப் பட்டையாகத் தேட வேண்டும். குறுகிய ஓடைப்பள்ளத்தில் நடுவே நேராக ஒரு முறை போனால் போதும். வழியில் தெரியும் கையுறை, கம்பு எதையும் இழுத்துப் பார்க்காமல் கடக்கக் கூடாது. மறுமுனையில் கை இருக்கலாம்.

பீக்கன் திரையில் தெரியும் எண், புதைந்தவர் சுமார் எத்தனை மீட்டர் தூரத்தில் என்பதைச் சொல்லும். 10 வந்ததும் நடையைத் தளர்த்த வேண்டும். 3 வந்ததும் மண்டியிட்டு, பீக்கனைப் பனிமேல் ஒட்டிவைத்து, திருப்பாமல், சிலுவைக் குறிபோல் மெல்ல நகர்த்த வேண்டும். மிகக் குறைந்த எண் வந்த புள்ளியிலிருந்து சுருள்வட்டமாக, 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து; கம்பி பனிப்பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். உடலில் பட்டால் ரப்பரைக் குத்தியதுபோல் மெத்தென்று இருக்கும். கம்பியை உருவக் கூடாது. அதுதான் வழிகாட்டி.

தோண்டுவதில்தான் பெரும்பாலான நேரம் போகிறது. பயிற்சியில் மிகக் குறைவாகச் செய்வதும் இதையேதான். ஓடும்போது நொறுங்கி உராய்ந்த துகள்கள் நின்றதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கன மீட்டர் 400 கிலோ வரை இருக்கும். கம்பியை ஒட்டி நேர்கீழே தோண்டினால் கிணறுதான் கிடைக்கும். அதற்குள் ஆளை இழுக்க இடமிருக்காது, புதையுண்டவரின் முகத்தருகே உள்ள காற்று இடைவெளியையும் மிதித்து அமுக்கிவிடுவோம். கம்பி காட்டும் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு சாய்வின் கீழே தள்ளித் தொடங்கி, கிடையாக உள்ளே போக வேண்டும். முன்னால் ஒருவர் கட்டிகளாக வெட்ட, பின்னால் V வடிவில் நிற்பவர்கள் துடுப்புப் போடுவதுபோல் பனியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் மாற வேண்டும். பிளாஸ்டிக் மண்வெட்டி இந்தப் பனியில் உடையும், உலோகம்தான் வேண்டும். முகம் கிடைத்ததும் வாயையும் மார்பையும் விடுவிக்க வேண்டும். மூச்சில்லையென்றால் கால்கள் வெளியே வரும்வரை காத்திராமல் அங்கேயே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும்.

குல்மர்கில் இதே வடிவம்

இந்தியாவில் இதற்கு மிக நெருங்கிய அமைப்பு குல்மர்கில் உள்ளது. கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி அபர்வத் முகட்டின் கீழ், 3,900 மீட்டருக்கு மேல் இறக்கிவிடுகிறது. கயிற்றுக்குள் உள்ள பகுதியை மட்டுமே ரோந்துக் குழு பார்த்துக்கொள்கிறது. சில நிமிடம் நடந்தால் யாரும் கட்டுப்படுத்தாத கிண்ணச் சாய்வுகள். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே போலந்துச் சறுக்குவோர் இருவர் இறந்தனர். காஷ்மீர்ப் பனி காஸ்கேட் பனியைவிடக் குளிரானது, உலர்ந்தது. பலவீன அடுக்குகள் இன்னும் நீண்டகாலம் ஆறாமல் கிடக்கும். பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. என்னும் ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாக ஐந்து படி அளவுகோலில் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரே எண் என்பது மிகப் பரந்த கணிப்பு. எந்தத் திசைச் சாய்வு, எந்த அடுக்கு என்பதை அங்கே உள்ள ரோந்துக் குழுவிடம் காலையில் கேட்டுக்கொள்வது அவசியம்.

பீக்கன் சோதனையைக் கீழ் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே செய்யாமல், மேலே கயிற்றைத் தாண்டும் இடத்தில் வையுங்கள். ஒருவர் இருபது மீட்டர் தள்ளிப்போய்த் தேடல் நிலையில் நிற்க, மற்றவர்கள் ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒவ்வொருவராக அவரைக் கடக்க வேண்டும். கடைசியில் அவர் தன்னுடையதை அனுப்பும் நிலைக்கு மாற்றியதை இன்னொருவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மின்கலம் பாதிக்குக் கீழே இருக்கும் ஆள் அன்று கயிற்றுக்குள்ளேயே சறுக்கட்டும்.